இரவல் பெயர்

"திறமை உள்ளவர் எத்தடையையும் தகர்த்து முன்னேறுவர்; கணித உலகில் பெண்கள் சிலரே எனில், குறை தடையில் இல்லை, திறமையில்தான்!" இப்படி வாதிடுவோர் இன்றும் உண்டு. தோழர்களே, இந்த வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்துவோம்.

1794இல் பாரிசு நகரில் எகோல் பாலிடெக்னிக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆடவர்க்கு மட்டுமே அங்கு இடம். பதினெட்டு வயது நங்கை சோஃபி ஜெர்மேன், பாடக் குறிப்புகளைத் தேடிப் பெற்றுப் பயின்றார். 'லெபிளாங்க்' என்ற ஆண் பெயரில் கட்டுரை தீட்டி அனுப்பினார். கணித மேதை லக்ராஞ்சு அதைக் கண்டு வியந்தார். எழுதியவர் பெண் என்று அறிந்த பின்னரும் ஆதரித்தார். தாள் அதே தாள். கணக்கும் அதே கணக்கு. ஆண் பெயருக்குத் திறக்கும் கதவு பெண் பெயருக்கு மூடுமெனில், அங்கே மறுக்கப்பட்டது அறிவா, பிறப்பா?

"அவர்தான் வென்றுவிட்டாரே!" என்பர். வென்றார்; என்ன விலை கொடுத்து? அதிரும் தகடுகள் பற்றிய ஆய்வுக்குப் பாரிசு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. 1811இல் போட்டிக்கு வந்தது அம்மையாரின் கட்டுரை ஒன்றே. முறையான பயிற்சி மறுக்கப்பட்டவர் ஆதலின் அதில் பிழைகள் இருந்தன, பரிசு இல்லை. மூன்றாம் முயற்சியில், 1816இல்தான் பரிசு கிட்டியது. அவர் தந்தையோ செல்வ வணிகர். வீட்டிலேயே நூலகம் இருந்தது. அதே அறிவுடன் பிறந்த சலவைத் தொழிலாளியின் மகளுக்கு என்ன இருந்தது?

நூறாண்டு கழிந்தது, நிலை மாறியதா? 1915இல் எம்மி நோதரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்கு ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்தனர். பெண் ஆசிரியரா என்று எதிர்த்தனர் பேராசிரியர் பலர். ஹில்பர்ட்டின் பெயரில் வகுப்பு அறிவிக்கப்பட்டது, பாடம் நடத்தியவர் நோதர், சம்பளமோ இல்லை! 1918இல் அவர் வெளியிட்ட தேற்றம், இயற்கையின் சமச்சீர்மைக்கும் ஆற்றல் அழியாமைக்கும் உள்ள உறவை விளக்கியது. இன்றைய இயற்பியலின் தூண்களுள் அது ஒன்று. தம் சொந்தப் பெயரில் பாடம் சொல்லும் உரிமை அவருக்கு 1919இல்தான் கிடைத்தது. அங்கும் இரவல் பெயர். இங்கும் இரவல் பெயர்!

வென்ற ஒருத்தியைக் காட்டித் தடையை நியாயப்படுத்துவது, வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவனைக் காட்டிப் பாலம் எதற்கு என்று கேட்பதற்கு ஒப்பாகும். மூழ்கியோரின் கணக்கை எழுதி வைத்த ஏடு எங்கே?

வென்றவரைப் போற்றுவது எளிது, அதற்குச் செலவில்லை. இரவல் பெயர் கேட்காத அவையை அமைப்பதே கடினம். நீதி கேட்பது அந்தக் கடினமான பணியைத்தான்.