நிரந்தரம் என்றதும் நீண்ட வரிசை

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலை முடித்தவர்களும் இருந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் சிலர் நாட்டின் நிலையை நொந்துகொள்வார்கள். சிலர், எந்த வேலையும் இழிவில்லை என்று அந்த இளைஞர்களைப் பாராட்டுவார்கள். (பாராட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்பதில்லை.) அதே வேலையை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிக்குச் செய்துவந்தவர்களும் அங்கே விண்ணப்பத்தோடு நின்றது இரு தரப்பாரின் கண்ணிலும் படுவதில்லை.

பட்டதாரி அந்த இடத்தைக் கேட்பது அறமா?

கேட்கக் கூடாது என்று சொல்ல முடியாது. 2022இல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த மாநிலம் இது. கல்விக் கடன் தலைக்குமேல் நிற்கும்போது வேலையில் தரம் பார்க்க முடியாது. தவிர, துடைப்பத்தைச் சில சாதிகளின் தலையில் மட்டும் கட்டிவைத்ததே பெரிய அநீதி. பிறர் அந்த வேலைக்கு வருவது அந்தக் கட்டை அவிழ்க்கும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால், வேலை ஒப்பந்தக் கூலியில் இருந்தவரை அதற்குப் போட்டிக்கு வந்தவர் யார்? இழிவும் குறைந்த கூலியும் சேர்ந்திருந்தபோது அது அந்தச் சாதியினருக்கே விடப்பட்டது. நிரந்தரமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் சேர்ந்ததும் திறந்த போட்டியாகிவிட்டது. படித்தவனுக்கு உரிய வேலை கிடைக்காதபோது அவன் ஒரு படி இறங்குகிறான். அந்தப் படியில் இருந்தவர் இன்னும் கீழே போகிறார். வேலையின்மை சமூகத்துக்குச் செய்யும் கேடு பட்டதாரியோடு நின்றுவிடுவதில்லை.

குற்றம் அந்த இளைஞனுடையதன்று. என்றைக்கும் தேவைப்படும் வேலையை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் ஓட்டிய நிர்வாகம்தான் இரண்டு ஏழைகளை ஒரே இடத்துக்கு மோதவிட்டது. பணிபுரிந்த ஆண்டுகளுக்குத் தேர்வில் முன்னுரிமை தந்தால் சாதித்தொழில் நிலைத்துவிடும் என்பார்கள். ஆனால் அந்த முன்னுரிமை, உழைப்பை ஏற்கெனவே வாங்கிக்கொண்டவர் தரவேண்டிய பாக்கி. அந்தத் தொழிலாளியின் மகளை அது எந்த வேலையிலும் கட்டிப்போடாது.

பட்டதாரிக்கே இடம் கிடைத்தால் அவர் தெருவில் இறங்கித்தான் வேலை பார்க்க வேண்டும். படிப்பைக் காட்டி அலுவலக மேசைக்கு மாறிக்கொள்ள நிர்வாகம் இடம் கொடுத்தால், அந்தத் தெருவுக்கு மறுபடியும் ஓர் ஒப்பந்த ஆள்தான் வருவார்.