யாருக்கு எந்தக் கப்?

இந்த மாதம் கர்த்தர் என் உள்ளத்தில் பாரமாக வைத்தது ஒரு சின்ன வார்த்தை. அது இங்கிலீஷ் வார்த்தைதான். ஆனால் மூலக்கொத்தளத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் தெரியும். கப்!

ஒரு நாளில் எத்தனை கப்பைப் பார்க்கிறோம்! டீக்கடையில் பேப்பர் கப். பெட்டிக்கடையில் கப் ஐஸ். ஷோகேஸில் பூட்டி வைத்த கப்-சாஸர். பெரிய மனுஷர் வந்தால்தான் வெளியே வரும். சமையல் குறிப்பில் ஒரு கப் அரிசி என்றால் அது அளவு. நம் பாட்டிமார் அதையே ஆழாக்கு, உழக்கு என்றார்கள். மைதானத்தில் கப் என்றால் பரிசு. மெட்ராஸ் பாஷையில் 'கப்பு அடிக்குது' என்றால் நாத்தம். அது வேற கப்பு!

நம் தமிழ் வேதாகமம் இதற்குக் கப் என்றும் சொல்லவில்லை, கோப்பை என்றும் சொல்லவில்லை. தாவீதின் நிரம்பி வழிகிற கப்பும் (சங்கீதம் 23:5), பென்யமீனின் சாக்கில் யோசேப்பு வைத்த வெள்ளிக் கப்பும் (ஆதியாகமம் 44:2), கெத்செமனேயில் நீங்கும்படி ஆண்டவர் வேண்டிக்கொண்ட கப்பும் (மத்தேயு 26:39) தமிழில் பாத்திரம். சிறியவனுக்குக் கொடுக்கும் ஒரு கப் தண்ணீர் மட்டும் கலசம் ஆகிறது (மத்தேயு 10:42).

பிரியமானவர்களே, இந்தப் பாத்திரம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'அவர் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்' என்கிறோம். அப்போது பாத்திரம் என்றால் தகுதி. ஆண்டவருடைய பந்தியை அபாத்திரமாய் எடுக்கிறவனைப் பற்றிப் பவுல் எச்சரிக்கிறார் (1 கொரிந்தியர் 11:27). அபாத்திரம் என்றால் தகுதியில்லாதது. பாத்திரத்தில் குடிப்பவன் பாத்திரனா? இங்கிலீஷில் கிடைக்காத ஒரு கேள்வியைத் தமிழ் நம் முன்னால் வைக்கிறது. அல்லேலூயா!

முதலாவது, ஜெயித்து வாங்குகிற கப்.

1983 ஜூன் 25 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கினார், தேசமே துள்ளியது. 2024 நவம்பரில் நம் வடசென்னை செரியன் நகரைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். பக்கத்துத் தெரு பிள்ளை! உழைத்து வாங்கிய கப்புக்குக் கை தட்டுவது நியாயமே. ஆனாலும் பரிசுக் கப் ஒருவர் கையில்தான் நிற்கும். யாக்கோபும் யோவானும் அப்படிப்பட்ட இடத்தைத்தான் கேட்டார்கள், வலதுபுறம் ஒன்று, இடதுபுறம் ஒன்று. ஆண்டவரோ, தாம் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்கக் கூடுமா என்றார் (மத்தேயு 20:22). அவர் பாத்திரம் ஷோகேஸில் வைப்பதற்கல்ல, கை மாறிக் கை மாறிப் போவதற்கு.

இரண்டாவது, பிரித்து வைக்கிற கப்.

என் தகப்பனார் சொல்லுவார்: 'எங்க ஊர் டீக்கடையில எங்களுக்குக் கொட்டாங்கச்சியிலதான் டீ. குடிச்சதும் நாங்களே கழுவி, கூரையில சொருகி வைக்கணும். எங்க காசு மட்டும் அவன் கல்லாப் பெட்டிக்குள்ள போகும்!' பிற்பாடு கொட்டாங்கச்சி போய்த் தனி தம்ளர் வந்தது. இதைத்தான் இரட்டைத் தம்ளர் முறை என்கிறார்கள். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம், ஓட்டலில் பொதுமக்களுக்கு வைத்திருக்கிற பாத்திரத்தை ஒருவனுக்கு மறுப்பதே குற்றம் என்றது. சட்டம் வந்தபிறகும் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தனி தம்ளர் தொடர்ந்தது. சில இடங்களில் தம்ளர் மறைந்தது, ஆனால் புத்தி மறையவில்லை. ஒருத்தருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருத்தருக்குத் தூக்கி எறிகிற கப்!

'அது உலகத்தார் செய்கிறது பாஸ்டர்' என்கிறீர்களா? பொறுங்கள். இங்கிருந்து வேப்பேரி எவ்வளவு தூரம்? 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளில் ஜாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று நிருபம் அனுப்பினார். அந்நாட்களில் நம் தமிழ்ச் சபைகளில் ஜாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கும் முன்னே பின்னே என்று வந்தார்கள். நிருபம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அநேகர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆண்டவருடைய பாத்திரத்தை விடத் துணிந்தார்கள். ஜாதியை விடத் துணியவில்லை! ஐயோ, என்ன பரிதாபம்!

கொரிந்து சபையின் பாவமும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள் (1 கொரிந்தியர் 11:21, 22). அபாத்திரம் என்ற சொல்லைப் பவுல் இந்த இடத்தில்தான் எழுதுகிறார். நாமோ அதைச் சினிமா பார்த்தவனுக்கும் பீடி குடித்தவனுக்கும் மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிற சகோதரனை வெட்கப்படுத்தியவனை விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, ஒன்றாக்குகிற கப்.

சமாரியாவின் கிணற்றண்டைக்கு வாருங்கள். நடுப்பகல் வெயில். ஆண்டவருக்குத் தாகம். மொண்டுகொள்ள அவரிடத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஸ்திரீயிடத்தில் குடம் இருக்கிறது. யூதர் சமாரியரோடு கலந்து பழகாத காலம் அது. அவர் அவளிடத்தில் தண்ணீர் கேட்டபோது அவளே திகைத்துப்போனாள் (யோவான் 4:9). ஏன்? தண்ணீர் கொடுப்பது அதிசயமல்ல. அவள் பாத்திரத்திலிருந்து அவர் குடிக்க ஆயத்தமானதே அதிசயம்! நாம் தாழ்ந்தவனுக்குத் தனிக் கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்தோம் என்று நினைக்கிறோம். ஆண்டவரோ அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்கிறார். கொடுக்கிறவன் கை எப்போதும் மேலே இருக்கும். கேட்கிறவன் கை கீழே வரவேண்டும். மகிமையின் கர்த்தர் கையைக் கீழே நீட்டினார்! ஸ்தோத்திரம்!

கடைசி இராப்போஜனத்திலும் எல்லாரும் அதிலே குடிக்கும்படி ஒரே பாத்திரத்தைக் கொடுத்தார் (மத்தேயு 26:27).

இங்கே சிலர் கேட்பீர்கள்: 'அப்படியானால் நம் சபையில் ஆளுக்கொரு சின்னக் கப் கொடுக்கிறோமே, அது தப்பா?' தப்பல்ல. நோய் பரவாமலிருக்க 1890-களில் அமெரிக்கச் சபைகளில் அது ஆரம்பித்தது. ஒஹாயோவில் வைத்தியராகவும் போதகராகவும் இருந்த ஜே. ஜி. தாமஸ் என்பவர் 1894-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இருமல்காரருக்கும் குழந்தைக்கும் தனி கிளாஸ் வைப்பது அன்பு. கப் எத்தனை என்று கர்த்தர் எண்ணுகிறதில்லை. ஏன் பிரித்தாய் என்றே கேட்கிறார். எல்லாருக்கும் ஒரேமாதிரி சின்னக் கப் கொடுத்தால் அது சுகாதாரம். ஒருவருக்கு மட்டும் தனியாக வைத்தால்?

இப்போது உங்கள் சமையலறைக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள். சிங்க் ஓரத்திலே, ஜன்னல் கம்பிக்குப் பக்கத்திலே, நசுங்கின ஒரு எவர்சில்வர் தம்ளர் தனியாக இருக்கிறதா? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அதுதானா? குப்பை எடுக்க வருகிற அண்ணன் 'தண்ணி குடும்மா' என்றால் எந்தத் தம்ளரை எடுக்கிறீர்கள்? அவருக்கு மட்டும் பேப்பர் கப் தேடுகிறீர்களா? அந்தக் கையினாலே ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய பாத்திரத்தை எடுக்கிறோம்! பரிசேயர் பாத்திரத்தின் வெளிப்புறத்தை விளக்கினார்கள் என்று ஆண்டவர் கடிந்துகொண்டார் (மத்தேயு 23:25). வெளியே விம் போட்டுத் தேய்த்தாலும் உள்ளே மெட்ராஸ் 'கப்பு' அடித்தால் என்ன பிரயோஜனம்?

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. ஒரு காலத்தில் இந்தப் பட்டணத்தைச் சுற்றி மதில் இருந்தது. அதில் மீந்த துண்டு பழைய ஜெயில் ரோட்டில், இன்று மாடிப் பூங்காவாக நிற்கிறது. உள்ளே யார், வெளியே யார் என்று பிரித்த மதில் விழுந்துபோனது. நம் மூலக்கொத்தளம் மயானத்தில், 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு மரித்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கம்பண்ணப்பட்டார்கள். இருவரும் வெவ்வேறு ஜாதியில் பிறந்தவர்கள். மண் அவர்களைப் பிரித்து வைக்கவில்லை. மரணம் ஒன்றாக்குகிறதை நாம் உயிரோடிருக்கும்போதே ஒன்றாக்கக் கூடாதா? நடுச்சுவரைத் தகர்த்தவர் (எபேசியர் 2:14) நம் சமையலறைச் சுவரையும் தகர்க்க வல்லவர்!

எழுப்புதல் வேண்டும், எழுப்புதல் வேண்டும் என்று முழு இரவு ஜெபிக்கிறோம். நல்லது, ஜெபியுங்கள். ஆனால் காலையில் வீட்டுக்குப் போனதும் அந்தத் தனி தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு கவிழ்த்து வையுங்கள். எது எது என்று உங்களுக்கே அடையாளம் தெரியாதபடி கலந்து வையுங்கள். மறுநாள் அந்த அக்கா வரும்போது, நீங்கள் குடிக்கிற தம்ளரிலேயே டீ ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்கும் போய், 'அக்கா, ஒரு வாய் தண்ணி குடுங்க' என்று கேட்டுக் குடியுங்கள். ஆவியானவர் அசைவாடுகிறதை அங்கே காண்பீர்கள்.

ஜெபிப்போமா? அன்பின் ஆண்டவரே, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவரே, உம்முடைய தாழ்மையை எங்களுக்குத் தாரும். எங்கள் வீடுகளில் யாரையும் வெட்கப்படுத்துகிற பாத்திரம் இராதபடி செய்யும். உம்முடைய பாத்திரத்துக்கு எங்களைப் பாத்திரராக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.