வேஷத்தில் வருவது யார்?

பாரதக் கூத்து ஒரு பழைய தத்துவக் கேள்வியை எழுப்புகிறது. திரௌபதியாக வேஷம் கட்டியவர் ஆடும்போது களத்தில் நிற்பது யார்? நடிகர் மட்டுமே என்றால், ஊரார் கற்பூரம் ஏற்றுவது யாருக்கு? அம்மனே இறங்கிவிட்டாள் என்றால், அடவு சுத்தமா, பாட்டு சுதி சேர்ந்ததா என்று பார்ப்பது தகுமா?

வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக்காலத்தில் பாரத விழா நடக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஆடுவதற்குத் தாம்பூலம் வாங்கிய ஜமா, அதாவது கூத்துக் குழு, களரி கட்டினால் முகவீணையும் மிருதங்கமும் விடியும்வரை ஓயாது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் முதலிய மர அணிகளால் இதற்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு.

இதே வட்டாரத்தில் தண்டலம் போன்ற ஊர்களைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் ஷிஃப்டு கணக்கில் இயங்குகின்றன. அங்கே வேலை பார்க்கும் கூத்து ரசிகருக்கு விடிய விடியப் பார்ப்பது எளிதல்ல. லீவு போட வேண்டும், ஷிஃப்டு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் நடுநிசியில் எழுந்து போக வேண்டும். எந்த இரவைத் தேர்வது என்பதில்தான் அவருடைய ரசனை தெரியும்.

பலர் விட மனமில்லாத ஆட்டங்களில் ஒன்று, கர்ணனின் முடிவைச் சொல்லும் கர்ண மோட்சத்தில் கர்ணன் வரும் கட்டம். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து முதலில் குரல் மட்டும் வரும். பிறகு கிரீடம் தெரியும். திரை விலகியதும் சலங்கை அதிரச் சுழன்றாடுவார். மற்றொன்று துகிலுரிதல். சேலையில் கை வைக்குமுன் துச்சாசனன் வேஷக்காரர் அம்மனை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுவது உண்டு. அடுத்த கணமே கொடியவனாக மாறுவார். நடிகருக்கோ பார்ப்பவருக்கோ அருள் வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்திய ரசக் கோட்பாடு இந்த அருளை எளிதில் ஏற்காது. அபிநவகுப்தரின் விளக்கப்படி, மேடையில் தோன்றும் சோகம் யாருடைய சொந்தச் சோகமும் அல்ல. அது பொதுமையாகிவிடுவதால்தான் சுவையாகிறது. அருள் வந்தவருக்கோ அந்த விலகல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் வைணவ மரபு வேறொரு வழியைக் காட்டுகிறது. ஸ்ரீரங்கத்து அரையர் சேவையில் பெருமாள் முன் பாசுரங்களுக்கு அபிநயம் பிடிப்பார்கள். அங்கே தெய்வம் பார்வையாளர். கூத்திலோ தெய்வமே பாத்திரம்.

கூத்து இந்தச் சிக்கலை மூடி மறைப்பதில்லை. கர்ணன் தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவை நிறுத்தி, 'நீர் யார்?' என்று விசாரித்துக் கேலி பேசுகிறான். வேஷம் வேஷம்தான் என்பதை இரவெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அம்மன் வரவும் இடம் விடுகிறார்கள். யாரும் ஏமாற்றப்படாததால் நடிப்பு இங்கே பொய்யாவதில்லை.

வழிபாடு என்ற தன்மை அடவில் மட்டும் இல்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் குழு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும் கூத்தாக ஆடியது. அது வழிபாடு ஆகவில்லை. கர்ண மோட்சத்தைக் கருமாதி வீட்டில் ஆடினால் இறந்தவருக்கான கடன், சபாவில் ஆடினால் கலை நிகழ்ச்சி. காப்புக் கட்டிய ஊர், நேர்த்திக்கடன், விழாவின் நாள் ஆகியவையே ஆட்டத்துக்குச் சடங்கின் பொருளைத் தருகின்றன. இறுதி நாள் படுகளத்தில் இது முழுமையாகிறது. மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்க, திரௌபதி கூந்தலை முடிக்கிறாள். பிறகு தீமிதி. நெருப்பில் இறங்குவோர் வேஷம் கட்டாத ஊர்க்காரர்கள்.

ஆகவே கேள்விக்கு விடை 'நடிகரா, தெய்வமா' என்ற இரண்டில் ஒன்றல்ல. நடிகரின் தேர்ச்சி சுவையைத் தருகிறது. ஊரின் விரதம் தெய்வத்தை அழைக்கிறது. அடவில் பிழை கண்டு முகம் சுளித்த ரசிகரே துகில் கட்டத்தில் கைகூப்புகிறார் என்றால் அதில் முரண் ஏதும் இல்லை.