மருத்துவரின் பக்கம் நின்று ஒரு கேள்வி

பெருமாள் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில் குலசேகராழ்வார் திருவித்துவக்கோட்டு எம்பெருமானுக்கு ஒரு மருத்துவரை உவமையாக்குகிறார். அறுவையின் வேதனையைத் தந்தவரையே விட்டகலாமல் நேசிக்கும் நோயாளியின் நிலை ஆழ்வாருடையது. இப்பாசுரத்தை நோயாளியின் பக்கம் நின்று அனுபவிப்பதே நம் வழக்கம், முறையும் அதுவே. எனினும், உவமையில் வந்த அந்த மனித மருத்துவரைப் பற்றி அடியேனுக்கு ஒரு கேள்வி உண்டு. அத்தனை அன்பைப் பெறுகிறவர் நிலைதவறாமல் இருப்பது எங்ஙனம்? எம்பெருமான் அவாப்த ஸமஸ்த காமன். நம் அன்பினால் அவனுக்குச் செருக்கு உண்டாகப் போவதில்லை. மனிதருக்கு உண்டாகும். கத்தியைப் பிடித்தவரைப் பார்த்து எதிரே படுத்திருப்பவர் கைகூப்பினால், 'இவர் என்னால் பிழைத்தார்' என்னும் அஹங்காரம் எழ எவ்வளவு நேரமாகும்?

திருவித்துவக்கோடு பட்டாம்பிக்கு அருகில் உள்ள திவ்யதேசம். அங்கிருந்து நிலம்பூர் வழியாக நாடுகாணி மலைப்பாதை ஏறினால் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரை அடையலாம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலானோர் வாழும் பகுதி அது. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஆதிவாசிகளிடையே மருத்துவப் பணி தொடங்கியபோது, நோயாளிகள் மருத்துவமனைக்கு வரவே தயங்கினர். ஆகவே அவர்களுடைய ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். 1990இல் 'அஸ்வினி' என்னும் அமைப்பு உருவாகி, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தலாயிற்று. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலாதேவியும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து அங்கே பணியேற்றனர். ஆதிவாசிப் பெண்கள் செவிலியர்களாகவும் ஆயினர்.

ஆழ்வாரின் உவமையில் நோயாளியின் அன்பு முன்னமே இருக்கிறது. கூடலூரில் அதைத் தேடிச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. நோயாளியின் மொழியையும் வீட்டு நிலையையும் அறிந்தவள் அருகில் நிற்கும் செவிலி. நோயாளி நம்புவது முதலில் அவளைத்தான். அவள் வாயிலாகவே மருத்துவரை. இந்த வரிசையைத் தினந்தோறும் கண்ணெதிரே காண்பவருக்குத் தலைக்கனம் ஏறுவது கடினம்.

இன்னொன்று. 1992 முதல் இம்மக்கள் தங்கள் சங்கத்தின் வழியே சிறுதொகை கட்டி மருத்துவக் காப்பீடு பெறுகின்றனர். தொகை அற்பமே. ஆனால் கணக்கு வைத்திருப்பவர் கவுண்டருக்கு வரும் நடைக்கும் கைமாற்று கேட்பவரின் நடைக்கும் உள்ள வேறுபாட்டை, வாழ்நாளெல்லாம் வங்கியில் கழித்த அடியேன் அறிவேன். பணம் கட்டியவர் யாசகராக வருவதில்லை. எதிரே இருப்பவரும் வள்ளலாக உட்கார முடியாது.

எல்லாவற்றினும் பெரிய நினைவூட்டலைத் தருவது நோயே. இரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் அந்த மரபுக்கூற்றை இந்தியாவில் முதன்முதலில் 1952இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்தது நீலகிரி மலைமக்களிடத்தில்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் இக்கூறு குழந்தைக்கு வந்து சேர்ந்தால், எலும்புகளில் தாங்கொணா வலி வரும், தணியும், மீண்டும் வரும். குளிர் அதைத் தூண்டும், அதுவும் மலைக்குளிர். கத்தியால் அறுத்தெறியக்கூடிய நோயன்று இது. கட்டியை அகற்றும் மருத்துவருக்கு நன்றி ஒரே வாரத்தில் கிடைத்துவிடும். இந்த நோயாளியிடமோ, ஃபோலிக் அமில மாத்திரை தீர்ந்துவிட்டதா, தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா, போர்த்திக்கொள்ளக் கம்பளி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளோடு அவர் உட்கார வேண்டும்.