பல்லில் ஏறிய காவி யார் செய்த பாவம்?



சென்ற மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சகோதரி தன் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்களாம். பிள்ளை சிரித்ததும் எழுந்து போய்விட்டார்களாம். பல்லெல்லாம் காவி. "பாஸ்டரய்யா, இது எங்க மாமனார் வழி சாபம்னு வெளியூர் ஊழியக்காரர் ஒருத்தர் சொன்னாரு. மாமனார் பூசாரியா இருந்தவரு. மூணு வெள்ளிக்கிழமை சாப முறிவு ஜெபத்துக்குப் போனோம், காணிக்கையும் வெச்சோம். பல்லு அப்படியேதான் இருக்கு. இன்னும் யாரு பாவத்தை அறிக்கை செய்யணும், சொல்லுங்கய்யா" என்றார்கள். அந்தப் பிள்ளை துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே நின்றது.

நான் பதில் சொல்லாமல் சிரித்துக் காட்டினேன். என் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேதாகமக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே, "தம்பி, வெற்றிலை போடுவீங்களா?" என்று வெளி மாவட்டத்து சகோதரர் ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டில் அஞ்சு பேருக்கும் இதே பல். தெருவில் பாதிப்பேருக்கும் இதே பல். அத்தனை வீட்டிலும் பூசாரி இருந்தாரா?

இந்தக் கேள்வி புதிதல்ல. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இது அவனுடைய பாவமா, அவனைப் பெற்றவர்களுடைய பாவமா என்று ஆண்டவரிடமே கேட்டார்கள் (யோவான் 9). கூட இருந்து போதனை கேட்டவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள், கவனியுங்கள்! ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். தேவனுடைய கிரியை அவனில் வெளிப்பட வேண்டும் என்றார். அதற்குமேல் விசாரணை வைக்கவில்லை. தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, கண்ணில் பூசி, கழுவு என்று சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார்.

"மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் என்று யாத்திராகமம் 20-ல் இருக்கிறதே, பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது தேவனைப் பகைக்கிறவர்களைக் குறித்த வார்த்தை. அவரில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை வரைக்கும் இரக்கம் என்று அடுத்த வசனம் சொல்லுகிறதே, அதை ஏன் அந்த ஊழியக்காரர் வாசிக்கவில்லை? எசேக்கியேல் 18-ஐத் திறந்து பாருங்கள். அப்பன் புளித்த காயைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி நடமாடிக்கொண்டிருந்தது. பல்லைப் பற்றிய பழமொழியே! இனி அந்தப் பேச்சு உங்களிடத்தில் இருக்கக்கூடாது, தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று கர்த்தர் கட்டளையிட்டார்.

அப்படியானால் பாவத்துக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆதாமின் மீறுதலால் பாவமும் பாவத்தினால் மரணமும் உலகத்துக்குள் வந்தது (ரோமர் 5:12). பூமியே சபிக்கப்பட்டது. சிருஷ்டி முழுவதும் இன்னும் தவிக்கிறது. நாம் எல்லாரும் அந்தத் தவிப்புக்குள் பிறந்தவர்கள். சில வேளை ஒருவன் செய்த பாவமே அவன் சரீரத்தில் தெரியும். குடிகாரனின் ஈரலைச் சொல்லவா வேண்டும்? ஆனால் உலகம் விழுந்துபோனது என்பது ஒரு சத்தியம். இந்தப் பிள்ளையின் பல்லுக்கு இன்னார்தான் காரணம் என்று விரல் நீட்டுவது வேறு. முதலாவதை வேதம் சொல்லுகிறது. இரண்டாவதைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சாபம் என்று ஒன்று இருந்தாலும், கிறிஸ்து நமக்காக மரத்தில் தொங்கி அந்தச் சாபமாகவே ஆகி நம்மை மீட்டுக்கொண்டார் (கலாத்தியர் 3:13). அவர் முழுவிலை கொடுத்துத் தீர்த்த கடனுக்கு மூன்று வெள்ளிக்கிழமை வட்டி வாங்குகிறவர்களிடம் போகாதிருங்கள்.

நம் ஜில்லாவில் நடந்தது இதுதான். பூமிக்கு அடியில் இருக்கிற பாறையில் ஃபுளோரைடு என்கிற உப்பு இருக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக அது கரைந்து தண்ணீரில் அதிகமாக வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேற்பட்ட தண்ணீரை, ஈறுக்குள்ளே பல் உருவாகிற சின்ன வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், குடிக்கிற பிள்ளைக்குக் கறை பல்லிலேயே ஊறிவிடுகிறது. துலக்கினாலும் போகாது. பல வருஷம் குடித்தால் எலும்பில் இறங்கும். மூட்டு இறுகி, முதுகு வளைந்துபோகும். நம் தேசத்தில் இதை டாக்டர்கள் முதலில் எழுதி வைத்தது 1937-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணி வற்றினால் இன்னும் கூடும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில், இடுப்பு வளைந்து கம்பு ஊன்றி வருகிற ஒரு தாயாருக்காக ஜெபித்தேன். குணமாகவில்லை. "அம்மா, உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டேன். மறுவாரமும் அந்தக் கம்போடுதான் வந்தார்கள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கர்த்தருக்குள் நித்திரையடையும் வரைக்கும் சபைக்கு வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

லூக்கா 13-ஐ வாசிக்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வருகிறது. பதினெட்டு வருஷமாகக் கூனியாயிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஜெப ஆலயத்தில் பார்த்தார். சாத்தான் கட்டிவைத்திருந்தான் என்று சொன்னாரே ஒழிய, நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்கவில்லை. எவ்வளவு விசுவாசம் வைத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஆபிரகாமின் குமாரத்தி என்றார், கை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். அல்லேலூயா! அவர் இன்றைக்கும் நிமிர்த்துகிறவர். அதனால்தான் எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம், இனியும் ஜெபிப்போம். ஆனால் அப்போஸ்தலனாகிய பவுல் துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதியாய் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). பவுலுக்கு விசுவாசம் போதாதா? குணமாகாதவனைக் குற்றவாளி ஆக்க நமக்கு வசனம் கிடையாது.

இன்னொரு கேள்வி வாலிபர்களிடமிருந்து வருகிறது. சாவுக்கேதுவானதைக் குடித்தாலும் விசுவாசிகளைச் சேதப்படுத்தாது என்று மாற்கு 16-ல் இருக்கிறதே, ஜெபித்துவிட்டு எந்தத் தண்ணியையும் குடிக்கலாமே என்று. தம்பி, தேவாலயத்து உப்பரிகையில் நின்று வசனம் காட்டிக் குதிக்கச் சொன்னவன் யார்? ஆண்டவர் குதித்தாரா? தெரியாமல் குடித்தவனைக் காக்கிற தேவனை, தெரிந்தே குடித்துச் சோதிக்கக்கூடாது. அதிலும் நாம் குடிப்பதில்லை, பால்பல் விழாத குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

எரிகோ ஊரார் எலிசாவிடம் வந்தபோது, ஊர் நல்ல ஊர்தான், தண்ணிதான் கெட்டது என்றார்கள் (2 இராஜாக்கள் 2). யோசுவா சபித்த எரிகோ அது! சாபம் என்று சொல்ல அங்கே ஆதாரமே இருந்தது. எலிசா அதைப் பேசவில்லை. புதுத் தோண்டியில் உப்பு வாங்கிக்கொண்டு நீரூற்றண்டைக்கு நேரே போனார். சீலோவாமுக்குத் தண்ணி எப்படி வந்தது தெரியுமா? எசேக்கியா ராஜா 500 மீட்டருக்கும் மேல் பாறையைக் குடைந்து கீகோன் ஊற்றைத் திருப்பிக் கொண்டுவந்த தண்ணி அது. ஒரு ராஜாவின் குடிநீர் வேலையில் குருடன் கண் கழுவினான். நமக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் போட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2013-ல் திறந்தார்கள். அதற்காக ஸ்தோத்திரம் பண்ணினோமா? அந்தத் தண்ணி வராத நாளில் அவசரத்துக்குப் போர் தண்ணியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீடுகள் நம் சபையிலும் உண்டு.

அந்தப் பிள்ளை கடைசியில் வாயைத் திறந்து, "பாஸ்டர், என் பல்லு மாறுமா?" என்று கேட்டது. "ஜெபிப்போம்மா. பல் டாக்டரையும் பார், கறையை மறைக்க வழி இருக்கிறது. மாறாவிட்டாலும் உன்மேல் ஒரு சாபமும் இல்லை" என்றேன். அதற்குள் அவள் அம்மா கையிலிருந்த கஞ்சி டம்ளரைப் பார்த்து, "ஐயா, இது எந்தத் தண்ணியில காச்சினது?" என்று கேட்டார்கள்.

நம் ஜெப வீட்டு போர் தண்ணியில்தான். இத்தனை வருஷமும்.

வருகிற திங்கட்கிழமை அந்தத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டு போர் தண்ணியையும் பார்க்க விரும்புகிறவர்கள் சுத்தமான பாட்டிலில் பேர் எழுதி ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த உபவாச ஜெபக் கஞ்சிக்கு ஒகேனக்கல் தண்ணி ஆறு குடம் வேண்டும். தெருக்குழாய் பக்கத்தில் இருக்கிற சகோதரிகள் முந்தின நாளே பிடித்துவைத்தால் நலம்.