நம்பி இறங்குபவரின் சாலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எதிரே வருவது தெரியாத திருப்பங்களில் ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். கண் எட்டாத இடத்தில் காது அந்த வேலையைச் செய்கிறது. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் இந்தப் பாதையில் மண் சரிந்தபோதும், இதில் எத்தனை பேர் போகிறார்கள் என்று கணக்குக் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை. சேர்வராயன் மலைக் கிராமத்துப் பார்வையற்றவர் ஒருவர் மருத்துவமனைக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ அதே பாதையில் இறங்கிச் சேலத்துக்குத்தான் வரவேண்டும். அங்கே சிக்னலில் சாலையைக் கடக்க அவருக்கும் தேவைப்படுவது ஒரு ஒலிதான். அந்த ஒலி மட்டும் ஏன் கருணைக் கணக்கில் போய்விடுகிறது?

இத்தகைய வசதிகளை அமைப்பதைவிட அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பதே கனமான கடமை. ஒலி சிக்னலே இல்லாத சந்திப்பில் பார்வையற்றவர் நிற்பார், அக்கம்பக்கம் கேட்பார், எச்சரிக்கையாக இருப்பார். ஒலி சிக்னல் இருந்து கெட்டுப்போன சந்திப்பில் அவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. ஒலி வராதது சிவப்பு விளக்கினாலா, அறுந்த கம்பியினாலா என்று அவர் எப்படி அறிவார்? நடைபாதையில் பதிக்கும் புடைப்பு ஓடுகளுக்கும் இது பொருந்தும். ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கிய இந்த ஓடுகள் 1967-இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில் என்பதைக் காலும் கோலும் படித்துக்கொள்கின்றன. கேபிளுக்காகத் தோண்டிவிட்டு ஓடுகளை இடம் மாற்றிப் பதித்தால், நிற்கவேண்டிய இடத்தில் நடக்கச் சொன்னதாகிவிடும். அமைக்காதவர் ஒரு வசதியைத் தரவில்லை, அவ்வளவே. அமைத்துவிட்டுக் கைவிட்டவரோ நம்பி வந்தவரிடம் பொய் சொல்கிறார்.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி சட்டத்திலேயே இடம்பிடித்திருந்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒலி சிக்னலையும் நடைபாதைச் சாய்தளத்தையும் கேட்டது; ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டே கேட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2016-இல் புதிய சட்டம் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமானவை வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நேரமும் செலவுதான் என்பார்கள். பச்சை விளக்கை நீட்டினால் வண்டிகள் தேங்கும் என்பார்கள். நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்பது பல நாடுகளில் வழங்கிவந்த கணக்கு. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடை பற்றிய 2012-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான். 12 மீட்டர் சாலைக்கு 10 வினாடி கொடுத்தால் அந்தச் சராசரி வேகத்தில் நடக்கும் மூதாட்டிக்கு இன்னும் 5 வினாடி வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர்கள் சிக்னல் கம்பத்தில் அட்டையைக் காட்டினால் 3 முதல் 13 வினாடிவரை கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால் அந்நகரின் போக்குவரத்து நின்றுவிடவில்லை. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்த நாட்டில், 5 வினாடியை இழப்பு என்று சொல்ல மனம் வரக்கூடாது.

இன்னொரு மறுப்பு அன்பிலிருந்தே வருகிறது. நம் ஊரில் யாராவது கைபிடித்துக் கடத்திவிடுவார்கள், இயந்திரம் எதற்கு என்பது. அந்தக் கைகள் உண்மையானவை, அவற்றுக்குக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு, மழையில், யாருமில்லாத சந்திப்பில் அந்தக் கை இருக்காது. இருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவர் தோளைப் பற்றி இழுத்துச் செல்வதற்குப் பார்வையற்ற பெண் ஒவ்வொரு நாளும் ஏன் உடன்பட வேண்டும்? உதவியை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பமாக இருக்க, முதலில் உதவி இல்லாமலும் கடக்க முடியவேண்டும். பயன்படுத்துபவர் சிலரே என்ற வாதமும் நிற்காது. கடக்க முடியாத சாலைக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை அந்தச் சந்திப்பில் நின்று எண்ண முடியாது.

கெட்டுப்போன வசதி ஆபத்து என்றால், பராமரிக்க இயலாத நகரம் அமைக்காமலே இருப்பது மேல் அல்லவா? இந்த மறுப்புதான் கடினமானது, ஏனென்றால் மேலே சொன்ன வாதத்திலிருந்தே இது கிளைக்கிறது. அமைப்பது நகரத்தின் விருப்பமாக இருந்தால் இதை ஏற்கலாம். அது ஏற்கெனவே பட்ட கடன். திருப்பித் தரத் தெரியாது என்பதால் கடன் தீராது. பராமரிப்புத் தொகையையும் பொறுப்பாளரையும் ஒப்பந்தத்திலேயே எழுதாமல் ஒரு கருவியும் கம்பத்தில் ஏறக்கூடாது. பணம் குறைவென்றால் பேருந்து நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் இடையிலுள்ள சந்திப்புகளை முதலில் எடுத்து, அவற்றை மட்டுமாவது ஆண்டு முழுதும் சரியாக வைத்திருக்கலாம். பழுதான நாளில் பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் குரல்கொடுக்கப் போக்குவரத்துக் காவலர் ஒருவரை அங்கே நிறுத்தவேண்டும்.