"வலிக்காது கண்ணா" என்று சொல்லலாமா?

குழந்தைக்குச் சின்ன ஆபரேஷன் என்றால் எல்லார் வாயிலும் முதலில் வருவது, "ஒண்ணுமே வலிக்காதுடா கண்ணா!" குறள் 292-ஐயும் துணைக்கு இழுப்போம்: குற்றமற்ற நன்மை தந்தால் பொய்யும் மெய்யாகுமே. சரி, அந்த நன்மை யாருக்கு? பிள்ளைக்கா, அவன் அழுகையைத் தாங்க முடியாத நமக்கா?

என் அக்கா மகனுக்கு ஐந்து வயதில் குடலிறக்க ஆபரேஷன். அக்கா டாக்டரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு முந்தின நாளே சொல்லிவிட்டாள். "காலைல பசிக்கும், ஆனா சாப்பிடக் கூடாது. மருந்துல தூங்கிடுவ, அப்போ வலி தெரியாது. எழுந்தா வலிக்கும், அதுக்கும் மருந்து தருவாங்க. நீ கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்."

"பச்சப்புள்ளய ஏண்டி பயமுறுத்துற!" அம்மாவுக்குக் கோபம். ஆனால் அவரே பேரனுக்குத் திருநீறு பூசியபோது, "முருகன் துணை இருப்பான்" என்றுதான் சொன்னார். துணை என்றால் கூட இருப்பது. வலியே வராது என்ற வாக்கு அதில் இல்லையே!

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தும். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். இவனும் கத்தினான். அப்போது எந்தச் சொல்லும் ஏறாது, மடிதான் வேண்டும். (கோடு எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? கரடி பொம்மையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.) தெளிந்ததும், "நீ சொன்ன மாதிரியே வலிக்குதும்மா" என்றான். குரலில் புகார் இல்லை.

சில நாள் கழித்து பிளாஸ்திரி எடுக்கப் போனோம். நர்ஸ், "வலிக்கவே வலிக்காது" என்றார். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கொஞ்சம் சுரீர்னு இருக்கும்டா."

பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையைத் தூக்கினான்.